மலாய் உரைநடையின் தந்தை முன்ஷி அப்துல்லாஹ்

சோழமண்டலக் கரையினின்று கீழைக் கடலில் கலஞ்செலுத்திய நம் முன்னோர் பொருளை மட்டும் கொண்டு சென்றாரல்லர். மார்க்கத்தையும் மொழியையும் உடன் கொண்டு சென்றனர். அவர்தம் வழித்தோன்றலாய்ப் பிறந்து, பிறிதொரு மொழியின் உரைநடைக்கே புதுவழி அமைத்த பெருமகனார் ஒருவர் உளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி மாணவரும் அறிந்த அவர் பெயர் முன்ஷி அப்துல்லாஹ். தமிழகத்திலோ அவரை அறிந்தார் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் களைவதே நம் நோக்கமாகும்.

குடிவழி

ஏமன் நாட்டினரான ஷெய்கு அப்துல் காதிர் என்னும் ஆசான் நாகூருக்கு வந்து, அங்கேயே மணமுடித்து வாழ்ந்தார். அவர் மைந்தருள் ஒருவரான முகம்மது இப்ராஹீம் மலாக்காவுக்குக் கடல்கடந்து சென்று, ஷெய்கு மீரா லெப்பை என்பாரின் மகளார் பெரியாச்சியை மணந்தார். இவ்விருவரின் மகனான அப்துல் காதிருக்கு மகனாக 1796ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவரே அப்துல்லாஹ். அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் மலாய் மண்ணில் கலந்த குடும்பம் அது. இத்தகையோரை ‘ஜாவி பெரானக்கான்’ என அந்நாட்டார் வழங்குவர்.

அவருக்கு முன் பிறந்த நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். அதனால் தாயார் அவரைக் கண்ணின் மணியெனக் காத்தார். தந்தையாரோ கல்வியில் சற்றும் தளர்வு காட்டாதவர். பாட்டியார் நடத்திய பள்ளியில் சிறார் பலருடன் அமர்ந்து திருக்குர்ஆன் ஓதிய அப்துல்லாஹ், பின்னர் மலாய் எழுத்தும் இலக்கணமும் பயின்றார். இதற்கிடையே இரண்டரை ஆண்டுகள் தமிழ்ப் பள்ளியிலும் அமர்த்தப்பெற்றார். அக்கால மலாக்காவில் வணிகக் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் தமிழில் நிகழ்ந்தன; நற்குடிப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நகரின் வழக்காகவே இருந்தது. மூன்று தலைமுறை கடந்தும் தாய்வழி மொழி வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடாமல், அங்காடியிலும் ஆட்சி செய்தது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

முன்ஷி ஆனமை

மலாக்காக் கோட்டையில் தங்கியிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இளமையிலேயே அவர் மலாய் கற்பித்தார். ஆசிரியர் எனப் பொருள்படும் ‘முன்ஷி’ என்னும் பட்டத்தை அவர்களே அவருக்குச் சூட்டினர். 1811ஆம் ஆண்டு ஜாவாப் படையெடுப்பிற்கு ஆயத்தம் நடந்த வேளையில், ராஃபிள்ஸின் அலுவலகத்தில் படியெடுக்கும் எழுத்தராக அமர்ந்தார். பின்னர் ஆங்கிலேய வணிகர்க்கும் கிறித்தவப் பாதிரிமார்க்கும் மலாய் கற்பித்ததோடு, நற்செய்தி நூல்களை மலாயில் பெயர்ப்பதிலும் துணைநின்றார். அதனால் ‘அப்துல்லாஹ் பாதிரி’ என்று சொந்தச் சமுதாயத்தாரே அவரை ஏசியதும் உண்டு. ஏச்சைப் பொறுத்தார், ஈமானில் பிறழ்ந்தாரல்லர்.

கம்போங் கிளாம்

1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்பதித்த சில காலத்தில் அப்துல்லாஹ்வும் அங்குச் சென்றார். மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அவர் வாழ்வு அமைந்தது. 1822இல் வகுக்கப்பெற்ற நகரமைப்புத் திட்டம் இனத்திற்கொரு பகுதியை ஒதுக்கியது. சுல்தானின் அரண்மனையைச் சூழ்ந்த கம்போங் கிளாம் மலாயருக்கும் அரபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் உரியதாயிற்று. ஆற்றங்கரையை ஒட்டிச் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் குடியேறினர். 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிறுவப்பட்டது. அடுத்து நாகூர் தர்காவும் எழுந்தது.

குன்றைத் தகர்த்துச் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டதையும், அடிமைகள் விலைபேசப்பட்ட அவலத்தையும், நாடுவிட்டு வந்தோர் நகரமொன்றை உருவாக்கியதையும் அப்துல்லாஹ் கண்டும் கேட்டும் எழுதினார். 1847இல் கம்போங் கிளாமைத் தீ விழுங்கியபோது, அத்துயரைச் ‘சயிர்’ யாப்பில் பாடினார். ஆற்றின் முகத்துவாரத்தில் கிடந்த பழங்கால எழுத்துப் பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது அவர் மனம் வருந்தினார். படிக்க இயலாத எழுத்தாயினும் அதனை அழிப்பது அறமன்று என்பது அவர் கருத்து. மரபுச் சின்னங்களைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அந்நகரில் வேரூன்றுமுன்பே எழுந்த குரல் அது.

1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சேறிய ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’ அவரது தன்வரலாறு. அரசர் புகழையும் கற்பனைக் கதைகளையும் விடுத்து, எளிய மக்களின் வாழ்வை எழுதியமையால் அவர் மலாய் நவீன இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். பஞ்சதந்திரக் கதைகளை 1835இல் தமிழினின்று மலாயில் பெயர்த்தவரும் அவரே. திண்ணைப் பள்ளியில் பெற்ற தமிழுக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது எனலாம்.

குறையும் கூறுதல் நேர்மை. ஆங்கிலேயரை அளவிறந்து மெச்சினார் என்றும், மலாய் மன்னரையும் மக்களையும் கடிந்துரைத்தார் என்றும் பிற்கால அறிஞர் அவரைச் சாடினர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மன்னர்தம் கொடுங்கோன்மையைக் கண்டிக்க அஞ்சாத எழுத்து, அக்காலத்தில் அரிதினும் அரிது.

1854இல் ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார். அவரது பயணக்குறிப்பு ஜித்தாவோடு நின்றுபோயிற்று. அவ்வாண்டிலேயே, மூதாதையர் தோன்றிய அரபு மண்ணில் அவர் உயிர் அடங்கியது. அவர் மகனார் இப்ராஹீம் ஜொகூர் அரசில் பணியாற்றிப் பயணநூல் எழுதித் தந்தையின் வழியைத் தொடர்ந்தார்.

இன்று

கம்போங் கிளாம் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1932இல் நிறைவுற்ற சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தின் கீழ் அரபுத் தெரு, பாக்தாத் தெரு, கந்தகார் தெரு என்னும் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. நாகூர் தர்கா 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக மறுமலர்ச்சி பெற்றது. கட்டடங்கள் காக்கப்பட்டன, மொழியின் நிலை யாது? கடையநல்லூர் மக்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் 1982இல் மூடப்பட்டது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் இன்று அங்கே ஒரு தமிழ்மொழி நிலையத்திற்கு வழங்குகிறது. ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்றாய் விளங்குகிறது. எனினும் சட்டம் காக்கும் மொழியை வீடும் காத்தாலன்றி அது வாழாது.

புகுந்த நாட்டின் மொழிக்குத் தொண்டு செய்யத் தாய்வழித் தமிழை இழக்க வேண்டுவதில்லை என்பதற்கு அப்துல்லாஹ்வின் வாழ்வே சான்று. வளைகுடாவுக்கும் கீழை நாடுகளுக்கும் பிழைப்பு நாடிச் செல்லவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் இருத்துவாராக! சென்ற இடத்து மொழியைச் செம்மையுறக் கற்று, கண்டதை உண்மையுடன் எழுதி, வீட்டில் தமிழை விளக்கெனக் காப்பாராயின், அடுத்த தலைமுறையிலும் ஓர் அப்துல்லாஹ் தோன்றுவார் என நாம் உறுதியாய் நம்பலாம்.