இருமுறை சென்ற விண்ணப்பம்

ஆங்கில மன்னரின் முன்னோர் நாடாகிய ஹனோவரிற் பிறந்து, பாத் நகரில் இசையாசிரியராய் வாழ்ந்த வில்லியம் ஹேர்ஷெல், 1781 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆம் நாளிரவு யுரேனஸ் என்னுங் கோளைக் கண்டார். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண் அளித்து அவரை வானாராய்ச்சிக்கே உரியவராக்கினார். இசையால் ஈட்டியதினும் அது குறைவே.

நாற்பதடித் தொலைகாட்டி சமைக்க விழைந்தவர், றோயல் கழகத் தலைவர் ஜோசப் பாங்ஸ் வாயிலாக அரசரிடம் பொருள் வேண்டினார்; 1785 இல் 2,000 பவுண் கிடைத்தது. செலவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் போலும்! முதலில் வார்த்த ஆடி மெலிதாய்ப் பயன்படாதொழிந்தது. கூலியோ ஏறிக்கொண்டே சென்றது. 1787 இல் மீண்டும் விண்ணப்பித்தார். இரந்தவரே மறுபடியும் இரத்தல் எத்துணை நாணந் தருவது! மன்னர் வெகுண்டார்; எனினும் மேலும் 2,000 பவுண் ஈந்தார்.

அவ்விண்ணப்பத்திலே தங்கை கரோலினுக்கும் ஊதியம் கேட்டிருந்தார் ஹேர்ஷெல். குளிரிரவுகளில் தமையன் கூறியவற்றையெல்லாம் உடனிருந்து எழுதியவர் அவர். ஆண்டுக்கு 50 பவுண் அவர் பெயருக்கே வழங்கப்பெற்றது. தமக்கென அவர் பெற்ற முதற் சம்பளம் அதுவே.

1789 இல் தொலைகாட்டி நிறைவெய்தியது. சனியின் உபகோள்கள் இரண்டு அவ்வாண்டே புலப்பட்டன. ஆயினும் அப்பெருங்கருவியைத் திருப்புதல் எளிதன்று. பின்னாளிலும் ஹேர்ஷெல் பெரிதும் கையாண்டது தமது பழைய இருபதடிக் கருவியையே.