தகட்டில் மலர்ந்த கலை: சிற்பி பி. வி. ஜானகிராம்

நகைக்கடையில் ஒளிரும் அணிகலன்களை நாம் வியந்து நோக்குகிறோம். அவற்றை ஆக்கிய கைகளை நினைப்பதில்லை. தகட்டைத் தட்டியும் கம்பியை வளைத்தும் பொற்கொல்லர் செய்யும் நுண்பணியைச் சிற்பக் கலையாக உயர்த்தினார் ஒருவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பி. வி. ஜானகிராம் 1930-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். 1850-இல் தொடங்கப்பெற்ற அந்நகர்க் கலைப் பள்ளியில் முதற்கண் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சிற்பத்தில் உள்ளம் செலுத்தினார். சோழர் காலச் சிற்பியர் மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, உருக்கிய உலோகத்தை வார்த்தனர். இவரோ செம்புத் தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டிப் புடைக்கச் செய்து, மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து உருவங்களை அமைத்தார். கண்ணன், விநாயகர், இயேசுநாதர் ஆகியோர் அத்தகட்டில் தோன்றினர். நம் ஆலயங்களில் அம்மனுக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம்போல, அவை முன்னின்று காணத்தக்கவை.

அந்நாளில் சிற்பமும் ஓவியமும் வாங்குவோர் மிகச் சிலரே. கலை பயின்ற இளைஞர்கள் வயிற்றுப்பாட்டிற்காகக் கலையையே கைவிட நேர்ந்தது. 1957-இல் அக்கலைப் பள்ளியின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர் இதற்கு வழி கண்டார். கலைஞர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். நம் மலேசிய மக்கள் நன்கறிந்த பாத்திக் துணியும் அவற்றுள் ஒன்று. அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவினர். ஜானகிராம் அதன் தொடக்கக் கால உறுப்பினருள் ஒருவர். கைத்தொழில் சோறளித்தது, அதனால் கலை பிழைத்தது. லலித் கலா அகாடமியின் தேசிய விருதும் அவரை நாடி வந்தது. 1995-இல் அவர் மறைந்தார். கலைஞர் கிராமம் இன்றும் நிலைத்துள்ளது.

உலோகத் தொழில் நம் கெடா மண்ணுக்கும் புதிதன்று. சுங்கை பத்துவில் பண்டை நாளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை அகழாய்வாளர் கண்டுள்ளனர்.

பெற்றோர் பெருமக்களே! தோட்டத்தில் உழைத்துக் காய்ப்பேறிய கைகளின் அருமையைத் தாங்கள் அறிவீர்கள். பிள்ளை படம் வரைந்தாலோ கம்பியை வளைத்துப் பொம்மை செய்தாலோ, அது சோறு போடாது எனக் கடிந்து தடுத்துவிட வேண்டா. பாடங்களைக் கருத்துடன் படிக்கட்டும், கைவேலையையும் கற்கட்டும். இரண்டும் ஒருங்கே வளரக்கூடியவை என்பதற்கு ஜானகிராமின் வாழ்வே சான்று.