ஓலை ஏந்திய கை

காஞ்சீபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்கப் போகிறவர்கள், அங்குள்ள தூப்புலுக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே விளக்கொளிப் பெருமாள் கோவில் இருக்கிறது. வேதாந்த தேசிகருக்கு அதில் சன்னதி உண்டு.

தேசிகரின் சிலைகளைப் பாருங்கள். இடது கையில் ஓலைச்சுவடி. வலது கையில் பெருவிரலும் சுட்டு விரலும் சேர்ந்திருக்கும். மற்ற மூன்று விரல்களும் நிமிர்ந்து நிற்கும். பாடம் சொல்லும் குருவின் கை அது. பெருவிரல் இறைவன், சுட்டு விரல் உயிர் என்று பெரியோர் பொருள் சொல்வார்கள்.

ஐரோப்பாவிலும் இந்த வழக்கம் உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பாதிரியார் படங்கள் பலவற்றில், கையில் புத்தகம் இருப்பதைக் காணலாம்.

ராமானுஜர் சிலையில் துறவியின் முக்கோல் இருக்கும். தேசிகரிடம் அது இல்லை. காரணம், அவர் குடும்பஸ்தர்.

வறுமையிலும் செம்மை

தேசிகர் 1268-ம் ஆண்டு தூப்புலில் பிறந்தார். மாமா அப்புள்ளாரிடம் கல்வி கற்றார். இளம் வயதிலேயே பெரும் பண்டிதர் ஆனார். ஆனால் வீட்டில் வறுமை. தெருவில் போய் அரிசி வாங்கி வந்துதான் அடுப்பு எரிந்தது. ஒருநாள் யாரோ அரிசியில் பொற்காசுகளைக் கலந்து போட்டார்களாம். அவர் அவற்றைப் புழு என்று ஒதுக்கித் தள்ளினாராம்.

விஜயநகர அரசவைக்கு வரும்படி வித்யாரண்யர் அழைத்தார். பொன்னும் பொருளும் கிடைத்திருக்கும். தேசிகர் மறுத்துவிட்டார்.

பிணங்களுக்கு நடுவே

1323-ம் ஆண்டு வாக்கில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. அப்போது தேசிகர் அங்கே இருந்தார். சுதர்சன சூரி என்ற முதியவர், ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு ஓர் விரிவுரை எழுதியிருந்தார். அந்தச் சுவடியையும், தம் இரு புதல்வர்களையும் தேசிகரிடம் ஒப்படைத்தார்.

எங்கும் வாள் வீச்சு. தேசிகர் பிணங்களுக்கு நடுவே பிணம்போல் படுத்துக் கிடந்தார். சுவடியையும் பிள்ளைகளையும் காப்பாற்றினார். பிறகு கன்னட நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இப்படித்தான் வைணவர்களின் வரலாறு கூறுகிறது. அந்த விரிவுரை இன்றும் படிக்கப்படுகிறது.

அமைதி திரும்பியதும் அவர் ஸ்ரீரங்கம் வந்தார். தமிழிலும் வடமொழியிலும் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிவிட்டு, 1369-ல் மறைந்தார்.

புரட்டாசித் திருவோணம் அவர் பிறந்த நாள். அன்று சன்னதிக்குப் போகிறவர்கள் குழந்தைகளுக்கு அந்த இடது கையைக் காட்டுங்கள். ஓர் ஓலைக்காக ஒருவர் உயிரையே பணயம் வைத்த கதையையும் சொல்லுங்கள்.