ஆலயக் கதவைத் திறந்த வக்கீல்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையைப் பார்த்திருக்கிறீர்களா? 365 படிகளிலும் காவடிகள்! முன்னால் ஏறுகிறவர் என்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. தடுத்தால் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் பிறக்க வழிசெய்தவர்களில் முக்கியமானவர், மதுரை வக்கீல் அ.வைத்தியநாத ஐயர்.

தஞ்சை ஜில்லா விஷ்ணம்பேட்டையில் 1890-ல் பிறந்தவர். மதுரையில் வக்கீல் தொழில் நடத்தினார். காந்தி வழியில் இறங்கி ஜெயிலுக்கும் போனார். தாழ்த்தப்பட்ட மாணவர்களை வீட்டுப் பிள்ளைகளாக நடத்தினார். பின்னாளில் மந்திரியான கக்கன், அவரைத் தந்தையாகவே மதித்தார்.

ஆலயப் பிரவேசத்துக்குக் குறுக்கே நின்றது ஜாதிக் கட்டுப்பாடு மட்டும் அல்ல; கோர்ட்டுத் தீர்ப்பும்தான். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு, சென்னை ஐகோர்ட்டு, கடைசியாக 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில், எல்லாமே நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்புக் கூறின. வழக்கத்தை மீற உரிமை இல்லையாம்! (கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி வைப்பது சரியே என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும் அதே காலத்தில்தான், 1896-ல்.)

வக்கீலான ஐயருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் துணிந்தார். 1939 ஜூலை 8-ந்தேதி காலை. கக்கன் உள்பட தாழ்த்தப்பட்டோர் சிலரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் போனார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு தடுக்கவில்லை. சனாதனிகள் கொதித்தார்கள். கோவில் தீட்டுப்பட்டது என்று அர்ச்சகர் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். சொந்த ஜாதியாரில் பலரே ஐயரை ஒதுக்கினார்கள்.

கமுதித் தீர்ப்பைக் காட்டி அவரையும் கோர்ட்டுக்கு இழுத்திருக்கலாம். ராஜாஜி மந்திரிசபை முந்திக்கொண்டது. உடனே அவசரச் சட்டம், அதே ஆண்டில் முறையான சட்டம்! உள்ளே போனவர்களும் அதிகாரிகளும் தப்பினார்கள்.

1947-ல் வந்த சட்டம் சென்னை மாகாணக் கோவில்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. திருத்தணி அப்போது மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. (பிறகு ஆந்திரத்தோடு போய், 1960-ல் திரும்பி வந்தது தனிக் கதை.)

1955 பிப்ரவரியில் ஐயர் காலமானார். 1947 சட்டத்தை எதிர்த்து, தென்கன்னட மூல்கி வேங்கடரமணர் கோவிலார் தொடுத்த வழக்கு அதன்பின் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. 1957-ல் தீர்ப்பு. சில விசேஷச் சடங்குகளைக் கோவிலார் தங்களுக்குள் நடத்திக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் தரிசனத்துக்கு எந்த இந்துவையும் தடுக்கக் கூடாது.