சொந்த வீட்டையே மீட்பு இல்லமாக்கிய பில் வில்சன்: புரூக்ளின் முயற்சி ஏன் தோற்றது?

குடிப்பழக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்துவிட்டது. டிஸ்சார்ஜும் ஆகியாச்சு. அன்று ராத்திரி அந்த ஆள் எங்கே போய்ப் படுப்பது? பழைய ரூம், பழைய நண்பர்கள் என்றால் கதை மறுபடி முதலிலிருந்துதான். அதனால்தான் சிகிச்சைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் நடுவே சில மாதங்கள் தங்குவதற்கு 'ஹாஃப்வே ஹோம்' என்ற இடைக்கால இல்லங்கள் இருக்கின்றன.

இதைப் பெயர்ப்பலகைகூட இல்லாமல், சொந்த வீட்டிலேயே செய்து பார்த்து கையைச் சுட்டுக்கொண்டவர் பில் வில்சன். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏஏ) அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

யார் இந்த பில் வில்சன்?

1895-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரி. பிறகு வால் ஸ்ட்ரீட்டில் பங்குச் சந்தை வேலை. கம்பெனிகளை நேரில் போய்ப் பார்த்து, எந்தப் பங்கு தேறும் என்று சொல்வதில் கெட்டிக்காரர். ஆனா குடி எல்லாவற்றையும் தின்றது. 1929-இல் சந்தை சரிந்தபோது பணம் போனது. அதற்குப் பிறகு கிடைத்த வாய்ப்புகளைக் கெடுத்தது பாட்டில்தான். 1918-இல் அவரை மணந்த லோயிஸ், டிபார்ட்மென்ட் ஸ்டோர் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்.

நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பல முறை சேர்ந்து, 1934 டிசம்பரில் பில் குடியை நிறுத்தினார். அதன்பின் ஒருமுறைகூடக் குடிக்கவில்லை.

1935 மே மாதம் பிசினஸ் விஷயமாக ஒஹையோவின் அக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் ஊத்திக்கொண்டது. ஹோட்டல் பார் கூப்பிட்ட நேரத்தில், தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. போன் மேல் போன் போட்டுத் தேடியதில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கணக்கு வைக்கிறது.

182, கிளின்டன் ஸ்ட்ரீட்

ஊர் திரும்பிய பில், குடியை விட நினைப்பவர்களை வீட்டுக்கே கூட்டி வந்தார். புரூக்ளினில் இருந்த அந்த வீடு உண்மையில் லோயிஸின் அப்பாவுடையது, அதுவும் அடமானத்தில் இருந்தது. சாப்பாடு இலவசம், படுக்கை இலவசம். கேட்பதற்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆனா பகலெல்லாம் கடையில் நின்று சம்பாதித்துவிட்டு, ராத்திரி வந்து இத்தனை பேருக்கும் உலை வைத்தது லோயிஸ். ஏஏ வரலாற்றில் இந்த வரி எப்போதும் சின்ன எழுத்தில்தான் வரும்.

1936-இல் பில்லும் லோயிஸும் ஊரில் இல்லாத நேரம், அங்கே தங்கியிருந்த ஒருவர் கேஸைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் வீட்டிலிருந்த துணிமணிகளை அவர் விற்றிருந்ததும் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வீட்டில் தங்கியவர்களில் கிட்டத்தட்ட யாருமே அப்போது குடியிலிருந்து மீளவில்லை. அதே வீட்டில் நடந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து போனவர்களில் சிலர் மீண்டார்கள். காரணத்தைப் பில்லே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தங்கியவர்கள் முழுக்க அவரையும் லோயிஸையும் சார்ந்துவிட்டார்கள். வாடகை இல்லை, பொறுப்பு இல்லை, தப்பு செய்தாலும் சோறு உண்டு. அக்கறை என்று நினைத்துக் கொடுத்தது ஊன்றுகோலாகிப்போனது. நம் வீடுகளிலும் இது நடக்கிறதுதானே?

வீடே போனது

1939 ஏப்ரலில், ஏஏ-வின் அடிப்படை நூல் வெளிவந்த அதே மாதம், கடன் கட்ட முடியாமல் கிளின்டன் ஸ்ட்ரீட் வீடு கைவிட்டுப் போனது. ஊருக்கே தங்க இடம் கொடுத்த தம்பதி, ஏறக்குறைய இரண்டு வருஷம் நண்பர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள். 1941-இல்தான் நியூயார்க்குக்கு வடக்கே பெட்ஃபோர்ட் ஹில்ஸில் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது.

1950-இல் ஏஏ ஏற்றுக்கொண்ட 12 மரபுகளில் ஒன்று, எந்த இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏஏ தன் பெயரையோ பணத்தையோ தராது என்கிறது. ஏஏ கூட்டம் நடத்தும், இல்லம் நடத்தாது. அந்த வேலையை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். உதாரணம், 1975-இல் மேரிலாண்டில் தொடங்கிய 'ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்'. அங்கே சம்பளத்துக்கு வார்டன் கிடையாது. தங்குபவர்களே ஓட்டுப் போட்டு வீட்டை நடத்துவார்கள், வாடகையைப் பங்கு போட்டுக் கட்டுவார்கள். மறுபடி குடித்தவர் வெளியேற வேண்டியதுதான். கிளின்டன் ஸ்ட்ரீட்டில் இல்லாமல்போனது இந்த மூன்றும்தான்.

பில் புனிதர் இல்லை. பல வருஷம் மன அழுத்தத்தோடு போராடினார், 1950-களில் எல்எஸ்டி எடுத்துப் பார்த்து சர்ச்சையில் சிக்கினார், சிகரெட்டை விடமுடியாமல் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார். கடைசி வாரங்களில், படுக்கையில் கிடந்தபடி விஸ்கி கேட்டதாகச் செவிலியர் குறிப்புகளில் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை.

36 வருஷம் குடிக்காமல் இருந்தவர் 1971 ஜனவரி 24 அன்று மயாமியில் காலமானார். அன்று அவர்களுடைய 53-வது திருமண நாள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான 'அல்-அனான்' அமைப்பை 1951-இல் தொடங்கிய லோயிஸ், பெட்ஃபோர்ட் ஹில்ஸ் வீட்டில் இன்னும் 17 வருஷம் வாழ்ந்தார்.