நீதிக்கதை தந்த சின்னய சூரி

வரதய்யபாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களின் கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்து ஒலிக்கும். அங்கு வாழும் தமிழ்ச் சிறுவர் தெலுங்கு மண்ணில் தமிழ் கற்கின்றனர். இதற்கு நேர்மாறாக, தமிழ் மண்ணில் பிறந்து தெலுங்கு உரைநடைக்கு ஒளியூட்டியவர் பரவஸ்து சின்னய சூரி.

அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரில் தோன்றினார். தெலுங்கு, தமிழ், வடமொழி ஆகியவற்றைக் கசடறக் கற்றார். சென்னைப் பள்ளிகளில் தெலுங்கு பயிற்றுவித்தார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தெலுங்குத் தலைமைப் புலவராக விளங்கினார். ‘சூரி’ என்பதற்குப் பேரறிஞர் என்பது பொருள். அப்பட்டம் அவருடைய பெயராகவே நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் தெலுங்கு இலக்கியம் பெரும்பாலும் செய்யுளாகவே இருந்தது. மாணவர் படித்து மகிழ நல்ல உரைநடை நூல்கள் அரிதாக இருந்தன. தமிழில் தாண்டவராய முதலியார் 1826ஆம் ஆண்டிலேயே பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் தந்திருந்தார். தெலுங்கில் அத்தகைய பணியைச் சின்னய சூரி மேற்கொண்டார். பஞ்சதந்திரத்தையும் இதோபதேசத்தையும் தழுவி, 1853ஆம் ஆண்டில் ‘நீதிசந்திரிகை’ என்னும் நூலை வெளியிட்டார்.

அந்நூலின் முதற்பகுதி நட்பைப் பெறுதல். இரண்டாம் பகுதி நட்பைப் பிரித்தல். பஞ்சதந்திரத்தில் நட்பைப் பிரித்தலே முதலில் வரும். சூரியோ இதோபதேச முறையைப் பின்பற்றி, நட்பைப் பெறுதலை முன்னே வைத்தார். நல்லாரைத் தேடிச் சேர்வது முதற்கடமை. சேர்ந்த நட்பைக் காப்பது அடுத்த கடமை. இந்த முறைவைப்பே ஒரு நீதியாக அமைந்துள்ளது.

முதற்பகுதியில் வரும் புறாக்களின் கதையை அறியாத சிறுவர் இலர். வேடன் விரித்த வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றுகூடி, வலையோடு வானில் எழுந்து, எலியிடம் சென்று விடுதலை பெறுகின்றன. ஒற்றுமையே வலிமை என்று சிறுவர் கற்கின்றனர். வளர்ந்தோர்க்கு அக்கதையில் மேலும் ஒரு பாடம் உண்டு. தன் நண்பனாகிய எலி தன் கட்டை முதலில் அறுக்க வந்தபோது, புறாவரசன் இசையவில்லை; தன்னை நம்பி வந்தவர்களின் கட்டுகளையே முதலில் அறுக்க வேண்டினான். குடும்பத்தலைவரும், தொழிலாளர் குழுவை நடத்துபவரும், ஊர்த்தலைவரும் இடர் வரும்போது எண்ணிப் பார்க்க வேண்டிய செயல் இது.

இரண்டாம் பகுதியில் சிங்கமும் எருதும் உயிர்நண்பர்களாக இருக்கின்றன. தமனகன் என்னும் நரி இருவரிடமும் தனித்தனியே கோள் கூறுகிறது. நேருக்கு நேர் கேட்டுத் தெளியாமல் சிங்கம் எருதைக் கொன்றுவிட்டுப் பின்னர் வருந்துகிறது. சிறுவர் நரியின் சூழ்ச்சியைக் கண்டு வியக்கலாம். பணியிடத்தில் ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றொருவரை வெறுத்த அனுபவம் உடையோர்க்கோ, பிழை நரியிடம் மட்டும் இல்லை என்பது விளங்கும். ஆராயாமல் நம்பிய காதும் குற்றமுடையதே.

இக்கதைகளின் இயல்பும் அதுவே. அறிவற்ற அரசகுமாரர்களுக்கு ஆட்சிமுறை கற்பிக்கவே விஷ்ணுசர்மர் இவற்றைச் சொன்னார் என்று பஞ்சதந்திரத்தின் முகவுரை கூறுகிறது. எனவே, இவை சிறுவரின் நாவில் இனித்தாலும், வளர்ந்தபின் பயன்தரும் விதைகளாகும்.

சூரியின் மற்றொரு நூலும் இவ்வாறே அமைந்தது. ‘பாலவியாகரணம்’ என்பதற்குச் சிறுவர்க்கான இலக்கணம் என்பது பொருள். பெயரளவில் சிறுவர்க்கு உரியதாயினும், நூற்பா வடிவில் அமைந்த அந்நூலைத் தெலுங்குப் பேரறிஞர்களும் இன்றுவரை ஆராய்ந்து வருகின்றனர்.

நீதிசந்திரிகையின் எஞ்சிய பகுதிகளை எழுதி முடிக்காமலேயே, 1860களின் தொடக்கத்தில் சூரி மறைந்தார். பிற்காலத்தில் கொக்கொண்ட வெங்கடரத்தினமும் கந்துகூரி வீரேசலிங்கமும் அப்பணியைத் தொடர்ந்தனர். இன்றும் தெலுங்கு மாணவர் அவருடைய உரைநடையைப் பாடமாகப் படிக்கின்றனர். தெலுங்குத் தோழர் நீதிசந்திரிகையைப் படிக்கும்போது, அதை எழுதியவர் திருப்பெரும்புதூரில் பிறந்தவர் என்பதைத் தமிழ் மாணவர் எடுத்துரைக்கலாம்.

சிந்தித்து எழுதுக

1. நட்பைப் பெறுதலைச் சூரி முன்னே வைத்ததன் சிறப்பு யாது?
2. புறாவரசன் செயலை இன்றைய தலைவர் ஒருவர் எவ்வாறு பின்பற்றலாம்?
3. சிங்கம் செய்த பிழை யாது? அது செய்திருக்க வேண்டியது என்ன?
4. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் கேட்ட நீதிக்கதை ஒன்றைக் கேட்டறிக. அக்கதை அவர் வாழ்வில் எங்குப் பயன்பட்டது என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.