பரிசில் வாழும் ஹாக்கி வீரர்

மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரில், 1991 மே 21-ந் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவர் பெயரால் 1991-92-ம் ஆண்டு ஏற்பட்டது 'கேல் ரத்னா' பரிசு. முதன்முதல் பெற்றவர் நம் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த். 2021 ஆகஸ்டில் அந்தப் பரிசின் பெயர் மாறியது. இப்போது அது மேஜர் தியான் சந்த் பரிசு.

யார் இந்தத் தியான் சந்த்?

1905 ஆகஸ்ட் 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்துக்காரர். அடிக்கடி ஊர் மாற்றம். படிப்பு பாதியில் நின்றது. 1922-ல், 16-வது வயதில், தாமும் சிப்பாயானார். அதற்குப் பிறகுதான் ஹாக்கி ஆட்டத்தில் மனம் ஊன்றியது. பகலெல்லாம் பட்டாள வேலை. இரவில் மைதானத்தில் விளக்கு ஏது? நிலா காய்ந்தால் பந்தை உருட்டிப் பழகுவார். தியான் சிங் என்ற பெயர் 'சந்த்' ஆனது அதனால்தான் என்பார்கள். சந்த் என்றால் சந்திரன்.

1928-ல் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் பம்பாயில் கப்பல் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர்! ஆம்ஸ்டர்டாமில் நடந்த 5 ஆட்டங்களிலும் இந்தியா மீது ஒரு கோல்கூட விழவில்லை. தியான் சந்த் மட்டும் 14 கோல் போட்டார். தங்கப் பதக்கத்தோடு திரும்பியபோது பம்பாய்த் துறைமுகத்தில் பெருங்கூட்டம். 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவுக்கு 24-1 என்று தோல்வி. தம்பி ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8.

1936-ல் பெர்லினில் அவரே தலைவர். பந்தயத்துக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என்று இந்தியாவைத் தோற்கடித்துவிட்டது. தலைவருக்கு அது நெஞ்சில் தைத்தது. தாரா என்ற ஆட்டக்காரரை இந்தியாவிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள். ஆகஸ்ட் 15-ந் தேதி இறுதி ஆட்டம். ஜெர்மனியை 8-1 என்று முறியடித்தார்கள். ஹிட்லர் அவருக்குப் பதவி தருவதாகச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. கதை ருசியானதுதான், உறுதியான ஆதாரம் இல்லை.

அவருடைய சுயசரிதை 'கோல்' 1952-ல் வெளியானது. அதைப் பிரசுரித்தது சென்னைப் பத்திரிகையான 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்'. 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார்; பத்மபூஷண் கிடைத்தது. பிறகு பல வருஷங்கள் இளைஞர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். கடைசிக் காலத்தில் பணமுடை வாட்டியது. 1979 டிசம்பர் 3-ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில், பொது வார்டில் காலமானார். ஜான்சியில், அவர் விளையாடிய மைதானத்திலேயே தகனம் நடந்தது.

ஆடி ஓய்ந்த வீரர்களுக்கென்று 2002-ல் அவர் பெயரில் வேறொரு பரிசு ஏற்பட்டது. அவருடைய கடைசி நாட்களை நினைத்தால், பெரிய பரிசைவிட அந்தச் சின்னப் பரிசுக்கே அவர் பெயர் அதிகம் பொருந்தியது. அதை 2024-ல் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் அர்ஜுனா வாழ்நாள் பரிசை வைத்தார்கள்.